வேலைநீக்கப் பாடம்

குமுதாவின் மனிதவள மேலாண்மைப் படிப்பில் பாதி ஆன்லைனில் நடந்தது, மீதி கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலில். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானில் உள்ள சரக்குக் கம்பெனிக்குப் போய்ச் சேரும்வரை, முந்தின நாள் வகுப்பில் கேட்டதையெல்லாம் பக்கத்தில் இருக்கும் ஷபானாவிடம் ஒப்பிப்பாள். நாகூரிலிருந்து வேலை பெர்மிட்டில் கடல் கடந்து வந்த பெண் ஷபானா. அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறாள். ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே பாதி டிப்ளோமா கிடைத்திருக்கும்.

போன மாதப் பாடம், ஆளை வேலையிலிருந்து நீக்குவது எப்படி என்பது. பேசிக் காட்டி வீடியோ அனுப்ப வேண்டும். முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடு, மன்னிப்புக் கேட்காதே, நம்பிக்கை கொடுக்காதே, முன்கூட்டி யாரிடமும் மூச்சு விடாதே என்று ஆசிரியர் பாலன் அடுக்கியிருந்தார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு பேச வேண்டிய பாடம். வேலை போனவளாக நடிக்க ஷபானா வந்தாள். கல்யாணமே ஆகாதவள், "ஐயோ, என் மூணு பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். குமுதா சிரித்துச் சிரித்து வீடியோ எடுத்து முடிக்க ஒரு வாரம் ஆனது.

ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் சுகுமாறன் குமுதாவை அறைக்குக் கூப்பிட்டார். ஆள் எடுக்கும்போது முன்னால் நின்று கைகுலுக்குவார். அனுப்பும்போது அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

"புது சிஸ்டம் வாங்கியாச்சு. ஷபானா தேவையில்ல. திங்கக்கிழமை மத்தியானம் நீயே பேசிடு லா. நீதான் படிக்கிறியே. நல்லா செஞ்சா உன்னை எக்ஸிகியூட்டிவ் ஆக்கிடலாம்."

குமுதாவுக்கு அந்தப் பதவி வேண்டும். பத்து வருடமாக மனிதவளப் பிரிவின் கிளார்க் நாற்காலியிலேயே உட்கார்ந்து அலுத்துவிட்டது. சரி என்று தலையாட்டினாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. ஷபானாவின் எண்ணை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஆனால் விதி விதிதான். சொல்லிவிட்டால் மனிதவளத்தில் தனக்கு என்ன வேலை என்று தன்னையே அடக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ரயிலில் ஷபானா உற்சாகமாக இருந்தாள்.

"அக்கா, ஷா ஆலம்ல ஒரு கம்பெனி கூப்பிடுறாங்க. பெர்மிட்டும் அவங்களே மாத்திக் கொடுப்பாங்களாம். இன்னைக்குக் காலையில பதில் சொல்லணும்."

குமுதா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சொல்லப் போறே?"

"வேணாம்னுதான். சம்பளம் கொஞ்சம் கூட, அவ்ளோதான். இங்க நீங்க இருக்கீங்க. அங்க போய் யாருகூட பேசிட்டு வர்றது?"

குமுதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போ என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் தன் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தாள். "உன் இஷ்டம்" என்றாள். பாவி, அதை மட்டும் சொன்னாள்.

மத்தியானம் சின்ன மீட்டிங் அறையில் ஷபானா வந்து உட்கார்ந்ததும் குமுதா பாடத்தில் சொன்னபடியே ஆரம்பித்தாள்.

"ஷபானா, கம்பெனி உன் வேலைய நிறுத்த முடிவு செஞ்சிருக்கு. இந்த மாசத்தோட முடியுது."

ஷபானாவின் முகம் மலர்ந்தது. "ஐயோ, என் மூணு பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் தேடினாள். "கைப்பேசிய எங்கக்கா ஒளிச்சு வெச்சிருக்கீங்க? பாலன் சார் மறுபடி எடுக்கச் சொன்னாரா?"

குமுதா அழுதுவிட்டாள். பாலன் சொல்லிக் கொடுத்ததில் மிச்சமிருந்ததெல்லாம் அந்த நிமிடத்தோடு போயிற்று.

ஷபானா மெல்ல நிமிர்ந்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நெஜமாவா?"

குமுதா தலையாட்டினாள்.

"பெர்மிட்?"

"கேன்சல் ஆகும்."

ஷபானா உடனே கைப்பேசியை எடுத்து ஷா ஆலமுக்குப் பேசினாள். காலையில் வேண்டாம் என்றதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இப்போது வரத் தயார் என்றாள். அந்தப் பக்கம் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். பட்டியலில் அடுத்து இருந்தவர் சரியென்று சொல்லிவிட்டாராம். ஷபானா நன்றி சொல்லிவிட்டுக் கைப்பேசியை வைத்தாள்.

"ரயில்ல வரும்போதே தெரியுமாக்கா?"

"வெள்ளிக்கிழமையே தெரியும். வெளிய சொல்லக் கூடாது ஷபானா, ரகசியம். என் வேலையே அதுதான். நான் என்ன செய்வேன் சொல்லு?"

ஷபானா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் குமுதா பிழைத்திருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கதவைத் திறந்தாள்.

"கம்பெனி ரகசியத்த நீங்க சொல்லவே வேணாம்க்கா. 'நீ இல்லாம நான் தனியா ரயில்ல வந்துக்கிறேன், நீ அந்த வேலைக்குப் போ'ன்னு மட்டும் சொல்லியிருந்தா போதுமே. நான் போயிருப்பேன்."