ஆள்காட்டி முட்டை

உள்ளங்கால் வெடிப்புக்குள் உப்புத்தண்ணீர் ஏறினால் வலி தொடை வரைக்கும் இழுக்கும். சுடலைமாடத்தி பாத்திக்குள் நின்று பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு வயிற்றில் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்குக் காலும் பெரிதில்லை, வயிறும் பெரிதில்லை. காதுதான் பெரிது. உப்பளத்துக்கு மேற்கே, உடைமுள் மரங்களுக்கு மேலே, ஆள்காட்டிக் குருவி கத்திக் கத்தி வட்டமடித்தது.

மரத்தடியில் அவள் தம்பி இசக்கியப்பன் கிடந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து, கப்பலரிசி நின்றுபோய், ஊரே கிழங்கை அவித்துத் தின்ற பங்குனி அது. பட்டாளத்துக்குப் போகிற மூட்டையைக் கொக்கியால் கிழித்து, இரண்டு படி அரிசியை வேட்டியில் முடிந்துகொண்டு ஓடிவந்துவிட்டான். இதே குற்றத்துக்குப் போன வாரம் பிடிபட்டவனை, போலீஸ் அடித்த அடியில், நாலு பேர் தூக்கிவந்துதான் வீட்டில் போட்டார்கள். விடியுமுன் வந்து நின்ற தம்பியை, “அந்தப் பெரிய மரத்துக்குக் கீழ போய்க் கெடலே. பொழுதடையவும் பெரியதாழைக்குப் போயிரு” என்று அனுப்பியவள் மாடத்திதான். மரத்துக்குப் பத்தடி இந்தப் பக்கம், சரளைக்கல்லுக்கு நடுவே ஆள்காட்டி முட்டையிட்டிருப்பது அவளுக்கு நாலு நாளாகத் தெரியும். மிதிபட்டுவிடக் கூடாதென்று தினமும் சுற்றி நடந்தவள், அந்தப் பதற்றத்தில் அதை மறந்துபோனாள். இப்போது அவன் காலை நீட்டி மடக்கினால் போதும், குருவி கத்தியது.

“என்னளா, மேக்கயே பாக்க? மாப்பிள்ளை வாரானா?” என்றாள் பக்கத்துப் பாத்தி தேவகனி.

“வந்தா ஒனக்கே கெட்டி வைக்கேன். வேலையப் பாருளா.”

சொல்லி வாய் மூடவில்லை, உப்பங்கழியில் தலை கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் ஒருசேரக் கழுத்தைத் தூக்கின. பிறகு ரோட்டுப் பக்கத்தை விட்டு ஆழத்துக்கு நடந்தன. மாடத்தி ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஏட்டும் ஒரு கான்ஸ்டபிளும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வரப்பேறி வந்தார்கள்.

“இசக்கியப்பன் ஒந் தம்பிதானளா? எங்கன இருக்கான்?”

“எனக்கென்னய்யா தெரியும்? ரெண்டு நாளாக் கஞ்சி குடிக்கக்கூட வரல.”

ஏட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். ஓட்டப்பிடாரத்துப் பக்கத்து ஆள், காடு கரையில் வளர்ந்தவர். “ஆள்காட்டி சும்மா கத்தாதுளா. மரத்தடியில யாரு?”

தேவகனியின் பலகை நின்றுவிட்டது. ஆளில்லை என்று மாடத்தி சொன்னாலும் போய்ப் பார்ப்பார். முட்டை இருக்கிறது என்றாலும் போய்ப் பார்ப்பார். அவரை நிறுத்த முடியாது. குருவியை வேண்டுமானால் இங்கே கொண்டுவரலாம்.

“முட்டை வச்சிருக்குய்யா. நில்லுங்க, எடுத்தாரேன்.” பதிலுக்குக் காத்திராமல் ஓடினாள். குருவி தாழ இறங்கிச் சிறகால் அவள் தலைமயிரைத் தட்டிவிட்டுப் போனது. உடைமுள்ளுக்கு அடியில் தம்பியின் குதிகால் தெரிந்தது. அவளுடையதைப்போலவே வெடித்து வெளுத்த குதிகால். அதை மறைத்துக் குனிந்தாள். மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நாலு முட்டைகள், தொட்டால் சூடாக இருந்தன. மடியில் அள்ளிக்கொண்டு திரும்பி நடந்தாள். ஓடக் கூடாது. கூடவே வா, வந்துரு, வந்துரு என்று குருவியை உதட்டுக்குள் கெஞ்சினாள். ஆணும் பெட்டையுமாக இரண்டும் அவள் தலைக்கு மேலே அலறிக்கொண்டு வந்தன. மரத்தடி அமைதியாகிவிட்டது.

ஏட்டு கொஞ்ச நேரம் மரத்தையும் குருவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். “சரிதான். மடியையில்லா சுத்துது.”

அவர்கள் ரோடேறியதும் திரும்ப வைத்துவிடலாம் என்று மாடத்தி நினைத்திருந்தாள். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி நீட்டினான். “இதுல போடுளா. அவிச்சுத் திங்கலாம்.”

“அடை கெடக்குதுய்யா. குஞ்சு பிடிச்சிருக்கும்...”

“பிடிச்சா என்ன, ஒனக்கா வலிக்கி?”

ஏட்டின் சிரிப்பு நின்றது. “என்னளா, காட்டு முட்டைக்கா இப்படி முழிக்க?” அவர் கண் மறுபடியும் மரத்துப் பக்கம் போனது. மாடத்தி ஒவ்வொன்றாக எடுத்துத் தொப்பிக்குள் வைத்தாள்.

இரண்டு குருவிகளும் சைக்கிளுக்குப் பின்னால் ரோடு வரைக்கும் கத்திக்கொண்டே போயின. தேவகனி குனிந்து உப்பை வாரினாள்.

பொழுது சாய்கையில் இசக்கியப்பன் முள்ளுக்குள்ளிருந்து ஊர்ந்து வந்தான். அரிசி முடிச்சை அவிழ்த்து அக்காள் கையில் திணித்தான். “அந்தச் சனியன் என்னைக் காட்டிக் குடுக்கப் பாத்துச்சே எக்கா. நல்லா வேணும் அதுக்கு.”

“வாய மூடிட்டுப் போலே” என்றாள்.

அவன் கடலோரமாக நடந்து மறைந்ததும் சரளைமேட்டுக்குப் போனாள். வெறும் குழியில் பெட்டைக் குருவி உட்கார்ந்திருந்தது. அடியில் ஏதோ இருப்பதுபோல இறகை உப்பி, வயிற்றை மண்ணில் அழுத்தி அசைந்து சரிசெய்துகொண்டது. மாடத்தி பக்கத்தில் வந்து நின்றாள். அது அவளைப் பார்த்தது. கத்தவில்லை. அரிசி முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். ஆள்காட்டிக்கு அவள் தரவேண்டியது நாலு முட்டை.