ஆள் இல்லாத வரிசை

தியாகதுருகத்தில் தெய்வசிகாமணி சந்தேகப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது ஊரை ஒட்டி நிற்கும் மலை. அதையும் சும்மா நம்பிவிடவில்லை. இருபது வயதில், அது இடம் மாறுகிறதா என்று மூன்று வருஷம் சுவரில் கரிக்கோடு போட்டுப் பார்த்தார். மாறவில்லை என்று தெரிந்த பிறகே நம்பினார். மற்றபடி தராசு, தபால்காரர், மழை, ஊசி மருந்து, இனிக்கப் பேசுகிறவர்கள் எல்லாம் அவரைப் பொறுத்தவரை விசாரணையில் இருப்பவர்கள். கல்யாணமும் இப்படித்தான் நின்றுபோனது. பெண் பார்க்கப் போன இடத்தில் இவர் கேட்ட கேள்விகளுக்குப் பயந்து, தரகர் அன்றோடு தொழிலையே விட்டுவிட்டு அரிசி ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை ஒருவனை நம்பினார். தம்பி பொன்னுரங்கத்துக்கு இருபத்தாறு வயதில் மனநோய் வந்தது. யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்டது. நாற்பது நாளில் குணமாக்கித் தருவதாகச் சொன்ன ஓர் ஆளோடு தம்பியை வேனில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பினார் தெய்வசிகாமணி. இருபதாம் நாள் பார்க்கப் போனபோது பொன்னுரங்கம் ஒரு தூணில் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தான். அவிழ்த்துக் கூட்டி வந்தார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக வாசற்படியில் குறுக்கே படுக்கிறார். படுக்கிறார் என்றுதான் சொல்லலாம். தூங்குகிறார் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் பொன்னுரங்கம் நன்றாகவே இருந்தான். சாயங்காலத்தில் மலையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசுவான். வருஷத்துக்கு ஒரு முறை, சொல்லாமல் கொள்ளாமல் கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறிப் போய், கரியாலூர் அருவியில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு உட்கார்ந்திருப்பான். அண்ணன் போய் அழைத்து வருவார். மாதாமாதம் வந்த பராமரிப்பு உதவித்தொகைதான், அவர் கூலிக்குப் போகாமல் தம்பியோடு வீட்டில் இருக்க வழி செய்தது.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கொரோனாவுக்குப் பயந்து உலகமே முகத்தை மூடிக்கொண்டு திரிந்த நேரம். சந்தேகப்படுகிறவனுக்கு அது தீபாவளி. கார்த்திகை மாசக் கடைசியில் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. முகக்கவசத்தோடு ஒரு பெண் இறங்கினாள்.

"வணக்கங்க. எம் பேரு மணிமொழி. மனசு சரியில்லாதவங்கள வூட்டோட வச்சிப் பாத்துக்கறவங்களுக்கு ஒத்தாசையா வேலை செய்யறோம்."

"யாரு அனுப்புனது?"

"கள்ளக்குறிச்சில எங்க அமைப்பு இருக்குதுங்க. விழுப்புரம் லிஸ்ட்டுல இருந்த பேரெல்லாம் புது லிஸ்ட்டுக்கு மாத்துறாங்க. டாக்டர் ஒரு தடவை பாத்து, புது அட்டைக்கு எழுதணும். திங்கக்கிழமை சமுதாயக் கூடத்துல முகாம். தம்பியக் கூட்டிக்கினு பழைய அடையாளப் புத்தகத்தோட வந்துடுங்க. வரலன்னா பேரு விட்டுப் போயிடும். மறுபடி மொதல்ல இருந்து எழுதிப் போடணும்."

அவள் ஃபைலைத் திறந்தாள்.

"உங்களப் பத்தியும் ரெண்டு கேள்வி இருக்குதுங்க. உங்க உடம்பு எப்படி? தூக்கம்லாம் வருதுங்களா?"

"சீக்கு அவனுக்கு. என்னை இன்னாத்துக்கு கேக்கற?"

"பாத்துக்கறவங்களையும் விசாரிக்கச் சொல்லியிருக்காங்க."

அவருக்கு விளங்கிவிட்டது. பார்த்துக்கொள்கிறவனுக்குத் தெம்பில்லை என்று எழுதிக்கொண்டால், தம்பியைத் தூக்கிக்கொண்டு போகக் காரணம் கிடைத்துவிடும்.

"எனக்கு இன்னா குறை? படுத்தா கட்டதான்" என்றார். கண்கள் இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி இருந்தன. அவள் அதைப் பார்த்தாள், ஏதோ எழுதினாள். அவர் தலைகீழாகப் படிக்க முயன்றார். கையெழுத்து சுகப்படவில்லை.

பங்காளி சின்னராசு மறுநாள் வந்தான். இடஒதுக்கீடு கேட்டுச் சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராகப் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமைதான் வீட்டுக்கு ஒரு மனு என்று கிராம நிர்வாக அலுவலகத்தில் கொடுக்கிற நாள். ஆள் சேர்க்க வந்தவனிடம் இவர் முகாமைப் பற்றிக் கேட்டார்.

"அட்டைன்றதெல்லாம் சாக்குண்ணே" என்றான் சின்னராசு. அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைச் சொல்வதில் அவனுக்கு இணையில்லை. "எல்லாரையும் கணக்கெடுத்து மொத்தமா ஒரு ஹோமுக்கு ஏத்தப் போறாங்களாம். வேன் வருதாம்."

"இன்னா கலர் வேனு?"

"வெள்ளை."

போகாவிட்டால் பணம் நிற்கும். போனால் தம்பி போய்விடுவான். இரண்டையும் நான்கு நாள் மென்றார். கடைசியில், போவது, ஆனால் தம்பியின் சட்டை நுனியைப் பிடித்த பிடி விடுவதில்லை என்று முடிவு செய்தார்.

திங்கட்கிழமை காலை. கிராம நிர்வாக அலுவலகமும் சமுதாயக் கூடமும் ஒரே வளாகம். வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். ஓடத் தயாராக இருக்கிறவன் இப்படித்தான் படுத்திருப்பான் என்று தெய்வசிகாமணிக்குத் தோன்றியது.

உள்ளே இரண்டு வரிசை. இடது பக்கம் சமுதாயக் கூட வாசலில் ஒன்று. அதில் ஐந்தே பேர். முன்னால் கரியாலூரிலிருந்து மகனோடு இரண்டு பஸ் மாறி வந்த ஆயம்மாள். அடுத்து கடைத்தெருவில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற சர்புதீன், மனைவி அஸ்ரப் நிஷாவோடு. அவர்களுக்குப் பின்னால் மணிமொழி நின்று கையை ஆட்டினாள். வலது பக்கம் இன்னொரு வரிசை. அது அலுவலக ஜன்னலில் தொடங்கி, புளியமரத்தைச் சுற்றி, தெருவுக்குப் போய், டீக்கடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யாருடையதோ ஒரு பசுமாட்டைக்கூட நடுவில் சேர்த்துக்கொண்டு நின்றது.

தெய்வசிகாமணி யோசித்தார். இனாம் கொடுக்கிற இடத்தில் கூட்டம் இல்லாமல் இருக்குமா? ஆள் இல்லாத வரிசை என்றால் விஷயம் தெரிந்தவன் எவனும் அதில் நிற்கவில்லை என்று அர்த்தம். அது பொறி. ஆயிரம் பேர் நிற்கிற இடத்தில் ஒருத்தனைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பெரிய வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"ண்ணா, அந்தப் பொண்ணு அங்க கூப்டுது" என்றான் பொன்னுரங்கம்.

"கூப்டட்டும். அதான் அதும் வேலை."

"இது வேற எதுக்கோ நிக்கறாங்க."

"உனுக்கு இன்னா தெரியும்?"

இரண்டு மணி நேரம் ஆயிற்று. முன்னால் இருந்தவன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். அதை வாங்கத் தம்பியின் சட்டை நுனியை விட்டார், மூடியை முகர்ந்து பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அதற்குள் ஜன்னல் வந்துவிட்டது. எல்லோரும் மடித்த காகிதத்தை உள்ளே நீட்டினார்கள். அவரும் பழைய அடையாளப் புத்தகத்தை ஒரு காகிதத்துக்குள் வைத்து மடித்து நீட்டினார். உள்ளே ஒரு கை வாங்கிக் கட்டில் சொருகியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு முதல் தடவையாக ஓர் அரசாங்க வேலை பிடித்துப்போனது.

திரும்பினார். பக்கத்தில் தம்பி இல்லை.

பசுமாட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். டீக்கடையில் பார்த்தார். வெள்ளை வேனின் பின்கதவை இரண்டு கையாலும் அறைந்தார். டிரைவர் திடுக்கிட்டு எழுந்து, "இன்னா பெரிசு, தட்டறதுன்னா மொள்ளத் தட்டேன்" என்று கதவைத் திறந்து காட்டினார். உள்ளே நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு எடை பார்க்கிற மெஷினும்தான் இருந்தன.

சமுதாயக் கூடத்துக்குள் ஓடினார். பொன்னுரங்கம் டாக்டருக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, மாத்திரையின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தெய்வசிகாமணி போன வேகத்தில் மேஜைக்கும் தம்பிக்கும் நடுவில் புகுந்து இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"தொடாதீங்க. எங்கயும் வர மாட்டான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மணிமொழியைப் பார்த்து, "இதுல யாருங்க பொன்னுரங்கம்?" என்று கேட்டார்.

"நாந்தான் சார்" என்றான் பொன்னுரங்கம். "இவரு எங்கண்ணன். இவருக்கு இருபத்திரண்டு வருசமாத் தூக்கம் இல்ல. என்னைத் தூக்கிக்கினு போயிடுவாங்கன்னு வாசப்படில படுத்துக்கினு இருக்காரு. நான் ஒண்ணுக்குப் போவக்கூட இவரத் தாண்டித்தான் போவணும்."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சர்புதீன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். ஆயம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"யாரும் எங்கயும் கூட்டிக்கினு போகலைங்க" என்றார் டாக்டர். "உங்க வீட்டுலதான் இருக்கப் போறாரு. எல்லாம் முடிஞ்சுது. பழைய புத்தகம் மட்டும் குடுங்க, நம்பர் எழுதிக்கறேன்."

அப்போதுதான் அவருக்குப் புத்தகம் போன இடம் தெரிந்தது.

ஜன்னலுக்குள் சங்கத்துக்காக உட்கார்ந்திருந்த சின்னராசு மனுக்களைச் சணல் கயிற்றால் கட்டி முடித்திருந்தான். மணிமொழி விஷயத்தைச் சொன்னாள். அவன் கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டான்.

"அதெப்படிம்மா? ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறுன்னு மேல ஃபோன் போட்டுச் சொல்ட்டேன். ஒண்ண உருவினா யாரு பதில் சொல்றது?"

"அதுல ஒண்ணு மனுவே இல்லையேங்க."

"மனுவோ இல்லியோ, எண்ணிக்கை எண்ணிக்கைதான்."

"ஏண்டா, வேன்ல ஏத்தறாங்கன்னு எங்கிட்ட சொன்னவன் நீதான?" என்றார் தெய்வசிகாமணி.

சின்னராசு கொஞ்சம் இறங்கி வந்தான். "சரி எடுத்துக்கண்ணே. ஆனா பதிலுக்கு ஒண்ணு வச்சிடு."

தெய்வசிகாமணி எதிலும் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. கடைசியில் பொன்னுரங்கம்தான் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினான். அவன் பத்தாவதில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன். ஐயா அவர்களுக்கு என்று தொடங்கி, என் அண்ணன் தெய்வசிகாமணி தூங்குவதற்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதி, தேதி போட்டுக் கொடுத்தான். சின்னராசு படித்துப் பார்க்காமலே சொருகிக் கட்டினான். எண்ணிக்கை சரியாயிற்று. டாக்டர் நம்பரை எழுதிக்கொண்டார். பொன்னுரங்கத்தின் பெயர் புதுப் பட்டியலில் ஏறியது.

அந்த மனு எந்த ஊர்வரை போயிற்றோ தெரியாது. ஆனால் பதில் வியாழக்கிழமையே வந்தது. பொன்னுரங்கம் எழுதும்போதே தோளுக்கு மேலாக எட்டி மணிமொழி படித்திருந்தாள் போலிருக்கிறது. பார்த்துக்கொள்கிறவர்கள் ஒருவருக்கு ஒருவர் மாற்று என்று அவள் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். ஆயம்மாள் மகனையும் கூட்டிவந்து, சர்புதீன் தனியாக விட முடியாத அஸ்ரப் நிஷாவோடு ஒரு நாள் இருப்பாள். அன்றைக்கு சர்புதீன் பொன்னுரங்கத்தோடு இருப்பார்.

சர்புதீன் ஒரு பையோடு வந்து இறங்கினார். தெய்வசிகாமணி பையை வாங்கித் தரையில் கொட்டினார்.

"இன்னா தேடறீங்கண்ணே?"

"கயிறு விக்கற ஆளு நீ. கேக்கக்கூடாதா?"

"கேளுங்க, கேளுங்க. நானும் என் வூட்டுக்கு யாரு வந்தாலும் இதான் செய்வேன்."

ஒரு டிபன் பாத்திரமும் தாயக்கட்டையும் மட்டும் இருந்தன. சர்புதீன் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, "கெளம்புங்கண்ணே. சாயங்காலம் வந்தாப் போதும்" என்றார்.

தெய்வசிகாமணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கள்ளக்குறிச்சிக்குப் போவதாக உரக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பஸ் நிறுத்தத்தில் நின்று, வந்த பஸ்ஸைப் போகவிட்டார். பிறகு வாய்க்கால் ஓரமாகக் குனிந்தே வந்து, வீட்டு வாசலுக்கு எதிரில் இருந்த மக்காச்சோளக் கொல்லைக்குள் புகுந்து, தட்டைகளை விலக்கிக் கண் வைத்தார். வாசலில் இருவரும் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் காயை ஒரு கட்டம் கூடுதலாகத் தள்ளினான். சர்புதீன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அப்படிப் பார்க்காத மாதிரி இருப்பதற்கு என்ன காரணம் என்று தெய்வசிகாமணி யோசிக்கத் தொடங்கினார். அந்த யோசனை பாதியில் நின்றது.

மக்காச்சோளத்தில் இருந்த கிளிகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பிப் பறந்ததாகவும், குறட்டையைக் கேட்ட சின்னராசு யாரோ பக்கத்தில் போர்வெல் போடுகிறார்கள் என்று பார்க்க வந்ததாகவும் ஊரில் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அவர் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. பொன்னுரங்கம் குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தான். மேலே ஒரு தார்ப்பாய் போர்த்தியிருந்தது.

"மணி இன்னாடா?"

"ஒம்போது."

"காலைல ஒம்போதரைக்குத்தானே நான் வந்தேன்?"

"அது நேத்து."

தெய்வசிகாமணி எழுந்து உட்கார்ந்தார். "நான் இங்க இருக்கறது யாரு சொன்னது?"

"நீயேதான் சொல்லிக்கினு இருந்த. தெருவுக்கே கேட்டுது."

"பாய் எங்க?"

"இப்பத்தான் போனாரு. நேத்து சாயங்காலம் கெளம்ப வேண்டியவரு. நீ எழுந்துக்கலன்னு ஒரு எட்டுப் போய் வூட்ல சொல்லிட்டு வந்து என் கூடவே இருந்தாரு. வர வியாழக்கிழமையும் வரேன்னாரு."

தெய்வசிகாமணி தம்பியை மேலும் கீழும் பார்த்தார். கை, கால், மணிக்கட்டு எல்லாம் திருப்பிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு சரியாக இருப்பது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை இன்னும் கிட்டத்தில் இருந்து கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

கொல்லையை விட்டுப் போகும்போது, வெயில் படாமல், மண் மேடு பள்ளம் இல்லாமல், காலை நீட்டுகிற அளவுக்கு வசதியாக எந்த இடம் இருக்கிறது என்று தட்டைகளை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார்.