தொட்டிக்குள் சோடா

அந்தத் தெருவில் குழாய்க்காரர் என்றால் அவர் ஒருவர்தான். ‘இருபத்திரண்டு வருட அனுபவம்’ என்று கார்டில் தானே அச்சடித்துக்கொண்டவர். கடல்மீன் தொட்டி வாங்கியபோது, “மாட்டிக்குடுக்க ஆள் அனுப்பட்டுமா?” என்று கடைக்காரர் கேட்டார். “தண்ணிதானே? அது நம்ம தொழில்” என்று சொல்லிவிட்டு வந்தார். ஏன் சொன்னோம் என்று பிறகு பலமுறை யோசித்தார்.

மேலே மீன்தொட்டி, அதன் அடியில் அலமாரிக்குள் ஒரு சின்னத் தொட்டி. மேலிருந்து வழியும் உப்புத்தண்ணீர் கீழே விழுந்து சுத்தமாகி, மோட்டார் வழியாக மறுபடி மேலே போகும். பத்து நாள் பளிங்குபோல இருந்தது. பதினோராம் நாள் தொட்டி முழுக்கப் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழ்.

“மீனு எங்கங்க? ஒரே சோடாவா இருக்கு” என்றாள் மனைவி.

“புதுத் தொட்டின்னா அப்படித்தான். அடங்கிடும்.”

அடங்கவில்லை. இணைப்பில் காற்று புகுகிறது என்று தீர்மானித்து, நன்றாக இருந்த மூன்று இணைப்புகளை அறுத்து ஒட்டினார். தண்ணீர் வரும் குழாயின் வாயைத் தாழ்த்தினார். குமிழ் குறைந்தபாடில்லை. பிறகு மோட்டார்மேல் பழி போட்டு, அதற்குப் பதில் புதுசு ஒன்று வாங்கி மாட்டினார். அது இன்னும் உற்சாகமாகக் குமிழ் விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, குப்புறப் படுத்துத் தலையை அலமாரிக்குள் விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையெல்லாம் பசை. மனைவி ஸ்பீக்கரில் போட்டுக் காதருகே வைத்தாள். அடுத்த தெருப் பல் டாக்டரம்மா.

“எங்க வீட்ல மோட்டார் போட்டா குழாய்ல தண்ணியவிட காத்துதான் அதிகமா வருது. பைப்ப மாத்தணுமா?”

“அதெல்லாம் வேணாம் மேடம்” என்றார் கம்பீரமாக. “கீழ்த்தொட்டில தண்ணி கொறஞ்சிருக்கும். மோட்டார் காத்தையும் சேத்து இழுக்குது. தண்ணிய ரொப்புங்க, சரியாயிடும். இதுக்கெல்லாம் நான் எதுக்கு?”

சொல்லி முடிக்கையில் அவர் மூக்குக்கு நேரே கீழ்த்தொட்டியில் நாலு விரற்கடை தண்ணீர் இறங்கிக் கிடந்தது. மோட்டார் வாய்க்கு மேலே சின்னதாக ஒரு சுழி சுற்றிக்கொண்டிருந்தது.

போனை வைத்த மனைவி, “அந்த மேடத்துக்குச் சொன்னத நமக்கும் ஒருதடவ சொல்லுங்க” என்றாள்.

அவசரமாக எழுந்ததில் மண்டை அலமாரியில் இடித்தது. வாங்கிய அடி போதாது என்றே அவருக்குத் தோன்றியது.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். ஆகவே நல்லதண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கடைக்காரர் சொன்னதில் இதையாவது மறக்கவில்லை என்று தன்னை மெச்சிக்கொண்டார். அன்றைக்கு மெச்சிக்கொள்ள வேறெதுவும் இல்லை. குளோரின் நீக்கிய நல்லதண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றினார். சுழி மறைந்தது. தண்ணீர் விழும் இடத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே, மிச்சக் குமிழைத் தடுக்க ஸ்பாஞ்சு ஒன்றைச் செருகினார்.

சாயங்காலத்துக்குள் தொட்டி தெளிந்துவிட்டது. பாறைக்குப் பின்னாலிருந்து வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் இரண்டும் வெளியே வந்தன. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பெருசா இருக்கே, அது ஆணா பொண்ணா?”

அவர் வாயைத் திறந்தார். ஒரு கணம் யோசித்தார்.

“தெரியலம்மா” என்று சொல்லிவிட்டு, இன்னொரு நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.