சாவு வீட்டு அடுப்பு

குணவதி அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது செல்லாயி உள்ளே வந்தாள்.

"என்னடி பண்றே?"

"தம்பிக்குச் சோறு ஆக்குறேன் அத்தை."

"பொணம் கெடக்கிற வீட்டுல அடுப்பு மூட்டுறியா? லயமே வாசல்ல நிக்குது. பொகையப் பாத்தா காறித் துப்புவாங்கடி."

"பத்து மணிக்கு அவன ஏத்திக்க லாரி வந்துரும்."

செல்லாயி தோட்டத் தொழிலாளர்களின் அந்த லயத்து வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி. சாவு வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொடுக்க வேண்டியவள் அவள்தான். ஆனால் அவள் வீட்டிலும் மரவள்ளிக்கிழங்கைத் தவிர ஒன்றுமில்லை.

அப்பா பழனியாண்டி விடியற்காலையில் இறந்திருந்தார். நான்கு மாதமாகப் பங்கீட்டு அரிசியில் தன் பங்கை அவர் தொடவில்லை. "ஓடுற புள்ள வயிறு காயக்கூடாது" என்று மகன் பக்கம் தள்ளிவிடுவார். பிறகு கால் வீங்கியது. விடிந்ததும் அவர் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியபோது குணவதியின் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது. அந்தக் குழி மேலெழவில்லை.

அன்று மாலை மலாயாவின் கூலிம் பட்டணத்தில் ஜப்பான்காரர்கள் ஓட்டப்பந்தயம் வைத்திருந்தார்கள். முதல் மூன்று பேரைக் கெடா மாநில அணிக்கென்று அலோர் ஸ்டாருக்குக் கொண்டுபோவார்கள். மற்றவர்கள் அதே லாரியில் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் பட்டியலில் தம்பி குழந்தைவேலுவின் பெயர் இருந்தது. பட்டியலில் உள்ளவர்களை வெள்ளிக்கிழமை ஏற்றுகிறார்கள்; அணிக்குப் போனவர்களை மட்டும் விட்டுவிடுவார்கள்.

சோற்றைப் பார்த்ததும் அவன் எழுந்துவிட்டான்.

"கொள்ளி வைக்காம நான் எங்கக்கா போவேன்?"

"முருகையா மாமா வைப்பாரு."

"லயத்துல என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். நீ உக்காரு."

முதல் கவளத்தைக் கையில் எடுத்தான். அவன் தோள் குலுங்கத் தொடங்கியது.

"அழுதா மூச்செரைக்கும்" என்றாள் குணவதி. "ஓடிட்டு அழு."

வாசலில் ராமையா வந்து நின்றான். கடைசி லயத்துக்காரன். தம்பியோடு தினமும் ஓடிப் பழகுகிறவன். அவன் பெயரும் அதே பட்டியலில் இருந்தது.

"சாப்டியாடா?" என்று கேட்டாள்.

"கெழங்கு தின்னேன்க்கா. இன்னிக்கு ஒங்க தம்பி என் முதுகத்தான் பாக்கப் போறான்." சொன்ன பிறகுதான் உள்ளே கிடந்த உடலைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

குழந்தைவேலு அப்பாவின் பாதத்தைத் தொட்டுவிட்டு லாரிக்கு ஓடினான். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

பிற்பகல் உடலைக் குளிப்பாட்டியதும் முருகையா கேட்டார், "வாய்க்கரிசி எங்கம்மா?"

குணவதி தகர டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். ஏழெட்டு மணிதான் விழுந்தது. அவள் நிமிரவில்லை. செல்லாயி எழுந்து போய், கிழங்கைத் துருவித் தட்டில் கொண்டுவந்தாள். அந்த மணிகளை மேலே தூவினாள். பெண்கள் ஒவ்வொருவராக அதை அள்ளி அவர் வாயில் இட்டார்கள்.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்து முடித்த நேரத்தில் லாரி வந்தது. குணவதி ஈரத்தலையோடு சாலைக்குப் போனாள். ஐந்து பேர் இறங்கினார்கள். கடைசியாக ராமையா.

தம்பி இல்லை.

"ரெண்டாவதா வந்தான்க்கா" என்றான் ராமையா. "அங்கியே நிறுத்திக்கிட்டாங்க."

"நீ?"

"நாலாவது. இந்தா, இவ்ளோதான்." கையை விரித்து ஒரு சாண் காட்டினான். சிரிக்கப் பார்த்தான். "நேத்து வரைக்கும் நாந்தான்க்கா முன்னாடி ஓடுனேன்."

லாரி புறப்பட்டுப் போயிற்று. அவன் லயத்தை நோக்கி நடக்கத் தொடங்கினான்.

"ராமையா, வீட்டுக்கு வா. வந்து உக்காரு."

செல்லாயி அவித்துக் கொடுத்திருந்த கிழங்கு இலையில் சூடாக இருந்தது. அவன் குனிந்தபடி வேகவேகமாகத் தின்றான். அவன் முடிக்கும்வரை குணவதி எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டிலிருந்தும் நாரை உரித்து உரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.