பீரிசுக்குக் கீழே துரும்பு

இப்போதெல்லாம் யாரும் யாரோடும் மோதிப் பார்ப்பதில்லை. பஸ்ஸில் ஏறினால் சண்டை பிடிக்கக்கூட ஆளில்லை. எல்லாரும் ஃபோனுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கிறார்கள். தோற்றால் ரோசம் வராது. வென்றால் மீசையை முறுக்கத் தெரியாது. அப்படிப்பட்ட ஒருவனைத்தான் கட்டுவேன் என்று என் மகள் ஷிரோமி ஒற்றைக்காலில் நின்றாள்.

பெயர் லக்ஸ்மன். ஹந்தானைப் பக்கம் வீடு. கண்டி டவுனில் ஃபோன் திருத்தும் கடையில் வேலை. விசாரித்த இடத்திலெல்லாம் நல்லவன் என்றார்கள். எல்லாரும் நல்லவன் என்று சொல்லும் ஆளை நான் நம்புவதில்லை.

"ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வரச் சொல்லு. அவனோட ஒரு ஆட்டம் கார்ட் போட்டுப் பார்த்துட்டுத்தான் சரியா இல்லையான்னு சொல்லுவேன்" என்றேன்.

எங்கள் கலஹாவில் சாவு வீடு என்றால் விடிய விடிய முன்னூற்று நாலு கார்ட் விளையாட என்னைத்தான் தேடி வருவார்கள். அந்த ஆட்டத்தில் யாரும் குணத்தை மறைக்க முடியாது. அவசரக்காரன், பயந்தவன், கள்ளன், எல்லாம் மேசைக்கு வந்துவிடும்.

வந்தான். கையில் செங்கல் மாதிரி கனமாக ஒரு பெட்டி.

"முன்னூத்தி நாலு எனக்குத் தெரியாதுங்க மாமா. அதான் இதக் கொண்டாந்தேன்."

முன்னூற்று நாலு தெரியாத ஆம்பிளை! அந்த இடத்திலேயே எழும்பியிருப்பேன். என் மனைவி தெரேசா கண்ணாலேயே என்னைக் கதிரையில் இருத்தினாள்.

கம்ப்யூட்டரில் விளையாடுகிற கேமாம். அதையே மேசையில் விளையாடுவதற்குப் பெட்டியில் போட்டு விற்கிறார்களாம். ஒரு கோபுரம், மாடிக்கு மாடி மிருகம். ஆளுக்கொரு பொம்மை, ஒரு சின்னக் கார்ட் கட்டு. அதில் சிலது அடிக்க, சிலது விழும் அடியைத் தடுக்க. கட்டில் இருந்து ஐந்து ஐந்தாக எடுத்து, வேண்டியதைப் போட்டு, மிச்சத்தைக் கழித்துவிட வேண்டும். கட்டு தீர்ந்தால் கழித்ததைக் கலைத்து மறுபடி எடுக்க வேண்டும். மிருகம் செத்தால் நல்ல கார்ட் ஒன்று கிடைக்கும். அதையும் கட்டில் சேர்க்க வேண்டும்.

"சரி, நான் யார அடிக்கிறது? ஒன்னையா?"

"இல்லங்க மாமா. நாம நாலு பேரும் ஒரே பக்கம். ஒருத்தர் செத்தாலும் நாலு பேரும் தோத்தோம்."

"அப்ப எதிரி யாரு?"

"பெட்டிதான்."

இந்த வயதில் பெட்டியோடு சண்டை.

அதைவிட மோசம், கையில் உள்ளதை எல்லாரும் வாய்விட்டுச் சொன்னார்கள். "எங்கிட்ட ரெண்டு அடி இருக்கு", "நான் தடுக்கிறேன்" என்று ஒரே சந்தை. சாவு வீட்டில் இப்படி வாயைத் திறந்தால் பிணத்துக்கு முன்னால் நம்மைத்தான் வெளியே கொண்டுபோவார்கள். கார்ட்டையே தொட்டறியாத தெரேசா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, கொம்பு முளைத்த ஒரு மிருகத்தைக் காட்டி, "அந்தக் கொம்பன எனக்கு விடுங்க" என்றாள். கொம்பன் செத்ததும் "சேசுவே, விழுந்துட்டான்!" என்று கைதட்டினாள். காலையில் பூசையில் முழங்காலில் நின்றவள் இவள்தானா என்று பார்த்தேன்.

எனக்கும் ஒரு மிருகம் செத்தது. நெருப்புப் படம் போட்ட கார்ட் கிடைத்தது. பெரிய அடி. முன்னூற்று நாலில், மற்றதையெல்லாம் வெட்டும் துரும்பைக் கவிழ்த்து வைப்பதுதான் சட்டம். நல்லதைக் கொண்டுபோய்க் கட்டுக்குள் கலக்க எனக்கு என்ன பைத்தியமா? தேத்தண்ணிக் கோப்பை வைத்திருந்த பீரிசுத் தட்டுக்குக் கீழே கவிழ்த்து வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

நான் லக்ஸ்மனைக் கவனித்தேன். அவனுடைய தடுப்புக் கார்ட்டில் பாதி என் முன்னால்தான் வந்து விழுந்தது.

"மாமாவுக்கு அடி விழப்போகுது. இத உங்களுக்குப் போடுறேன்."

"எனக்கு ஐஸ் வைக்கிறியா?"

"வச்சா மட்டும் நீங்க குளிர்ந்திருவீங்களாக்கும்" என்றாள் ஷிரோமி.

கடைசி மாடி. பெரிய மிருகம். எனக்காகத் தடுத்துத் தடுத்தே லக்ஸ்மனின் உயிர் ஒரு நூலில் நின்றது. அடுத்த அடியில் அவன் காலி. எல்லார் கையையும் கூட்டிப் பார்த்தார்கள், போதவில்லை. ஷிரோமி மிருகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். ஆட்டம் முடிந்ததும் சொல்கிறேன் என்றவன் நான்தானே.

பீரிசைத் தூக்கினேன். கார்ட்டை எடுத்து, சாவு வீட்டில் வெட்டுகிற மாதிரி மேசையில் அறைந்தேன். கோப்பை துள்ளியது.

"துரும்பு!"

தாயும் மகளும் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். லக்ஸ்மன் மட்டும் அந்தக் கார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இது எங்க இருந்துச்சு?"

"பீரிசுக்குக் கீழ. கவுத்து வச்சிருந்தேன்."

"அப்பிடி வைக்க ஏலாதுங்க. கட்டுல போட்டு, கைக்கு வந்தாத்தான் போடலாம். இது செல்லாது. நாம தோத்துட்டோம்."

மேசைக்குக் கீழே ஷிரோமி அவன் காலை மிதித்த சத்தம் எனக்கே கேட்டது. "லக்ஸ், வாய மூடு!"

"பெட்டிய ஏமாத்தினா பெட்டி பொலிசுக்கா போகும்?" என்றேன். "ஜெயிச்சா ஒனக்குத்தானடா நல்லது. யோசிச்சுப் பேசு."

"தெரியும் மாமா." முகம் வெளுத்துப்போயிருந்தது. "ஆனா தோத்துட்டோம்." தன் பொம்மையை எடுத்து மெதுவாகப் படுக்க வைத்தான்.

தெரேசாதான் முதலில் வெடித்தாள்.

"ஏங்க, அந்த நெருப்ப அப்பவே கட்டுல போட்டிருந்தா எத்தன தடவ வந்திருக்கும்! மாப்பிள்ளையக் கொல்லப் பார்த்தது மிருகம் இல்ல, நீங்கதான்!"

அவள் சிரிக்க ஷிரோமியும் சிரித்தாள். அடக்கிப் பார்த்த லக்ஸ்மனும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். எனக்கும் வந்தது, இருமி மறைத்தேன்.

"அடுத்த ஞாயிறு ஒங்க அம்மாவக் கூட்டிட்டு வா" என்றேன்.

ஷிரோமி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. லக்ஸ்மன் என் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தான்.

"எழும்புடா. பொய் சொல்ல வராதவன் நீ, அவகிட்ட லேசா மாட்டுவ. அதுக்காகத்தான்."

தெரேசா மறுபடி கார்ட் கலைக்கத் தொடங்கியிருந்தாள். "இன்னொரு ஆட்டம் போடுவமா மாமா?" என்றான் அவன்.

"நீங்க போடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். பையன் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எதிரி இல்லாமல், துரும்பு இல்லாமல், தோற்றுவிட்டு நாலு பேரும் சேர்ந்து சிரிக்கிறதை ஆட்டம் என்று எவன் சொன்னான்? அந்த நெருப்பைக் கட்டுக்குள் போட்டிருந்தாலும் வேண்டிய நேரத்தில் வந்திருக்கும் என்று யார் கண்டது?

"கொம்பன் எனக்கு!" என்று பின்னால் தெரேசாவின் சத்தம் கேட்டது. சண்டை பிடிக்க ஒருவனாவது கிடைப்பானா என்று, நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.