பிக்-யூ வைத்துவிட்டுப் போன கஷாயம்

பிக்-யூ மேசைமேல் வைத்துவிட்டுப் போன கஷாயம் ஒன்பது வருஷமாக ஆறவில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் அந்தத் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும், அந்த வருஷம் லிச்சிப் பழம் விலை ஏறியது தெரிவது போல.

கஷாயம் வைத்ததற்கு முந்தின நாள் அவள் கணவர் கோங் மிங் ஒரு கூடை லிச்சியையும் எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சிகளையும் தின்று தீர்த்து, காலையில் உதட்டில் கொப்புளத்தோடு எழுந்தார். பிக்-யூ திட்டிக்கொண்டே செவ்வந்திப்பூவும் கசப்பு வேர்களும் போட்டு மண்சட்டியில் சுண்டக் காய்ச்சி, கிண்ணத்தில் ஊற்றி மூடி வைத்தாள். சூட்டோடு குடித்தால்தான் உடம்புச் சூடு இறங்கும் என்பது ஊர் வழக்கம். மிங்குக்கு அதில் உடன்பாடு கிடையாது. பத்திரிகை அலுவலகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். இல்லாத பிழையையும் கண்டுபிடிப்பார்.

"சூட்டைத் தணிக்கிறதைச் சூடாவே குடிக்கணுமா? இதுல ஏதாவது அர்த்தம் இருக்கா? ஆறட்டும்."

"அர்த்தத்தை அப்புறம் பாரு, கிழவா. முதல்ல முழுங்கு. கசக்குதுன்னு மூஞ்சிய சுளிப்பியே, உப்புப் பிளம் வாங்கிட்டு வந்துடறேன்."

படியிறங்கிப் போனவள் கடைசிப் படியில் சற்று உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

சடங்குகள் முடிந்து மிங் மூடியைத் திறந்தபோது ஆவி வந்தது. அடுத்த மாதமும் வந்தது. மூலிகைக்கடைக்காரர் வந்து முகர்ந்து பார்த்து, சரக்கில் குற்றமில்லை, குடிக்க வேண்டிய ஆள்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். குடித்துவிட்டால் அவள் கைபட்டுச் செய்ததென்று வீட்டில் எதுவும் மிஞ்சாது. மிங் அதைச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், இன்னும் ஆறவில்லையே என்றார். வாதத்தில் தோற்கவில்லை என்று அவருக்கு ஓர் அற்பத் திருப்தியும் இருந்தது. எதிரே ஆள் இல்லாததால் கிடைத்த வெற்றி.

குடிக்காத உடம்பில் சூடு ஏறிக்கொண்டே போனது. முதல் வருஷம் வாயெல்லாம் கொப்புளம். இரண்டாம் வருஷம் உள்ளங்கையில் வைத்த முட்டை வெந்தது. சுவர்களில் நீர் வடியும் வசந்தகாலத்தில் ஊரே ஈரத்துணியோடு தவிக்க, அவர் அறையில் போட்ட துணி மொடமொடவென்று காய்ந்தது. கட்டடமே ஈரத்துணி வாளியோடு அவர் வீட்டுக்கு ஏறி வந்தது. சுற்றிலும் கொடி கட்டி, நடுவில் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு வேலைக்கும் உதவாதவர் என்று பெண்டாட்டியிடமே பெயர் வாங்கியவர், அவள் போன பிறகு அடுப்பாகப் பதவி உயர்வு பெற்றார். அடுத்த வீட்டுக் குழந்தைத் துணிகளுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போது, பிக்-யூ பார்த்தால் எப்படிச் சிரிப்பாள் என்று அவருக்கே தோன்றும்.

ஒன்பதாம் வருஷம் சுவரில் இருந்த அவள் படம் ஓரத்தில் கருகத் தொடங்கியது. இருந்தது அந்த ஒரு படம்தான். மிங் பக்கத்தில் போய் நின்று பார்க்கப் பார்க்கக் கருகல் உள்ளே நகர்ந்து தாடைவரை வந்துவிட்டது. துணி எடுக்க வந்த கீழ்வீட்டுச் சாவ்-லின்தான் கவனித்தாள்.

"மிங் அண்ணே, கிண்ணத்தைக் காப்பாத்தறேன்னு அக்காவைக் கருக்கிட்டிருக்கீங்க. இன்னும் ரெண்டு வாட்டி நின்னு பாத்தா மூக்கும் போயிடும்."

"ஆறலையே, சாவ்-லின்."

"ஆறாது. அக்காவா நீங்களான்னா என்னிக்கு நீங்க ஜெயிச்சிருக்கீங்க? குடிங்க."

குடித்தார். நாக்கு வெந்தது. இத்தனை வருஷம் ஊறியதில் கொஞ்சமாவது இனித்திருக்கும் என்று நம்பியிருந்தார், அதுவும் பிழை. சூடு உள்ளங்கால் வழியாக இறங்கிப் போனது. படம் தாடையோடு நின்றது. அன்று போட்ட துணிகள் மறுநாளும் ஈரமாகவே தொங்கின. நல்ல ஈரக்காலமாகப் பார்த்துக் குணமாகிவிட்டார், சுயநலக்காரர் என்று கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள்.

சாவ்-லின் தன் வீட்டிலிருந்து பிளம் கொண்டுவந்தாள். வேண்டாம், பிக்-யூ வாங்கத்தான் போயிருக்கிறாள் என்றார் மிங். வாயில் கசப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.