வாரத்துக்குப் பத்துத் தப்பு

பயிற்சி வகுப்புகளில் எனக்குப் பிடித்தது பதினொரு மணி டீயும் பிஸ்கட்டும் மட்டும்தான். இருபத்திரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். குழுவாக உட்காரச் சொல்வார்கள், சார்ட் பேப்பரில் எழுதச் சொல்வார்கள், கை தட்டச் சொல்வார்கள். எல்லாம் முடிந்து திரும்பி வந்து, பழையபடி சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. போன வருஷம்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

என் தங்கை மகள் நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு. எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பதால் அவளுடைய வீட்டுப்பாடம் என் கண் முன்னால்தான் நடக்கும். எழுதுவது கொஞ்சம், அழிப்பது அதிகம். தப்போ என்று ஒரு சந்தேகம் வந்தால் போதும், தாள் கிழியும்வரை தேய்ப்பாள். ரப்பர் என்றே பேர் வைத்துவிட்டேன். அதற்கும் சிரிப்பாள், தேய்ப்பதை மட்டும் விடமாட்டாள். தெரியாததைக் கேட்கவும் மாட்டாள், பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதிவிடுவாள். இப்படியே போனால் இவள் ஒன்றுமே கற்றுக்கொள்ளாமல் வகுப்பு வகுப்பாகத் தாண்டிவிடுவாள் என்று எனக்கு உள்ளூரப் பயம். அப்படித் தாண்டிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தாண்ட விட்டவளும் நான்தானே.

அவளுடைய டீச்சர் எனக்குப் பக்கத்து அறை. வேலைக்கு வந்து நாலே வருஷம் ஆன சின்னப் பெண். வகுப்பின் பின்பக்கம் ஒரு பழைய கரும்பலகையைச் சாய்த்து வைத்திருந்தாள். கணக்கைத் தப்பாகப் போட்ட யாரும், இஷ்டம் இருந்தால், அதை அங்கே போய் எழுதலாம். பேர் போட வேண்டாம். அந்த விடை எப்படி வந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். எழுதிய பிள்ளை பலகையிடம் நிற்க, டீச்சர் போய் அந்தப் பிள்ளையின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். எந்த இடத்தில் வழி மாறியது என்று மற்ற பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். அவ்வளவுதான் அவளுடைய வித்தை.

ரப்பர் அந்தப் பலகைவரை போக மூன்று மாதம் ஆனது. ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால் இருபத்தாறு என்று எழுதினாளாம். பெரிய எண்ணிலிருந்துதானே சின்னதைக் கழிக்க வேண்டும், எட்டில் ரெண்டு போனால் ஆறு என்று விளக்கமும் சொன்னாளாம். தாங்களும் அப்படித்தான் போட்டதாகப் பதினொரு பேர் கை தூக்கியிருக்கிறார்கள். அத்தனை பேரும் அதுவரை நோட்டை மூடி வைத்திருந்தவர்கள். எல்லோருமாக உருட்டிப் புரட்டிப் பதினாலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் ஓடி வந்தாள்.

“பெரியம்மா, என் தப்பு பதினொரு பேருக்கு இருந்துச்சு தெரியுமா?”

பரிசு வாங்கிய பெண்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். அதற்கப்புறம் ரப்பர் டப்பாவுக்குள்ளேயே கிடந்தது. எனக்குச் சந்தோஷம், கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சல். என் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளையும் என்னிடம் தன் தப்பை அப்படிக் கொண்டுவந்து நீட்டியதில்லை.

டீச்சரிடம் போய்ப் பாராட்டினேன். அவள் சிரித்துவிட்டு, “இதை வெளியில சொல்லிடாதீங்கக்கா. இது எனக்கும் பிள்ளைங்களுக்கும் நடுவுல இருக்கட்டும்” என்றாள். நானும் மண்டையை ஆட்டினேன்.

அடுத்த மாதம் பயிற்சி. பலன் தந்த ஒரு வகுப்பறை முறையை ஒவ்வொரு பள்ளியும் பகிர வேண்டும் என்றார்கள். எனக்கு முன்னால் பேசியவர் போனில் படமெல்லாம் காட்டினார். என் முறை வந்தது. எழுந்து நின்றால் உள்ளே ஒன்றுமில்லை, நிஜமாகவே ஒன்றுமில்லை. முன்வரிசையில் அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். “எங்க பள்ளியில” என்று ஆரம்பித்துவிட்டேன். டீச்சரின் பேரைச் சொல்லவில்லை. பலத்த கைதட்டல். அன்றைக்குப் பிஸ்கட்கூட ருசியாகத்தான் இருந்தது.

இரண்டு மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பள்ளியிலும் எல்லா வகுப்பிலும் தப்புப் பலகை. கூடவே ஒரு படிவம்: மாணவர் பெயர், தேதி, தப்பின் வகை, திருத்திய தேதி. வாரத்துக்குப் பத்துத் தப்பு. குறைந்தால் பிள்ளைகள் பங்கேற்கவில்லை என்று அர்த்தம், கூடினால் ஆசிரியர் சரியில்லை என்று அர்த்தம். மாதிரித் தப்புகள் அடங்கிய கையேடு ஒன்றும் கொடுத்தார்கள். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைப் பார்த்துப் பத்துத் தப்பை நானே அழகாக எழுதி வைத்தேன். ஊரெல்லாம் அப்படித்தான் எழுதினார்கள்.

பக்கத்து அறையிலோ அது நிஜமான பலகை. படிவத்துக்காக அதிலும் பேர்கள் ஏறின. ஒரு பெண்ணின் அப்பா வந்து, தன் மகள் பேர் நாலு இடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் முன்னாலேயே சத்தம் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் அந்தப் பெண் எழுதவில்லை. அடுத்த வாரம் யாருமே எழுதவில்லை. பேர் மட்டும் வேண்டாம் என்று டீச்சர் தலைமை ஆசிரியரிடம் மன்றாடினாள். கட்டம் காலியாக இருந்தால் படிவம் திரும்பி வந்துவிடும் என்று அவர் கையை விரித்துவிட்டார். சொன்னது நான்தான் என்று தெரிந்தும் அவள் என்னிடம் சண்டை போடவில்லை. நல்லதுக்குத்தானே சொன்னீங்க என்றாள். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

அப்புறம், இந்த முறை பிறந்த வகுப்பை நேரில் பார்க்க முப்பது ஆசிரியர்கள் வரப்போவதாகத் தகவல் வந்தது. அதிகாரியும் வருகிறார். பிள்ளைகளுக்கு ஒத்திகை கொடுக்க முடியாது என்று டீச்சர் சொல்லிவிட்டாள். தலைமை ஆசிரியர் அந்த வேலையை என் தலையில் கட்டினார். சொதப்பாத பிள்ளையாக ஒன்று வேண்டும். என் வீட்டிலேயே ஒன்று இருந்தது.

மூன்று நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பழக்கினேன். அதே கணக்கு, அதே இருபத்தாறு, அதே விளக்கம்.

“இப்பதான் எனக்குத் தெரியுமே பெரியம்மா.”

“தெரியாத மாதிரி எழுதுடி.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சரி என்றாள்.

அந்த நாளும் வந்தது. முப்பது பேரும் சுவரோரம் நின்றார்கள். டீச்சர் போய் ரப்பரின் பெஞ்சில் உட்கார்ந்தாள், கண்ணைத் தூக்கவில்லை. ரப்பர் பலகைக்குப் போனாள். ஐம்பத்திரண்டு எழுதினாள், கீழே முப்பத்தெட்டு எழுதினாள், கோடு போட்டாள். கை தன் பாட்டுக்கு ஓடியது. பதினாலு.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் முகத்தை எப்படி வைத்திருந்தேனோ, அவள் முகம் வெளுத்துவிட்டது. உள்ளங்கையால் அதைத் தேய்த்தாள். பலகை வெள்ளையாகி, கை வெள்ளையாகி, ஒரு சுவடும் தெரியாதவரை தேய்த்துவிட்டு அந்த இடத்தில் இருபத்தாறு எழுதினாள். மூச்சு விடாமல் விளக்கமும் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். ஆசிரியர்கள் குனிந்து குறிப்பெடுத்தார்கள். டீச்சர் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் ரப்பர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் இடுக்கில் இன்னும் சாக்பீஸ் தூள் இருந்தது.

“பெரியம்மா, முதல்ல தப்பாப் போட்டுட்டேன்.”

அவள் தப்பு என்று சொன்னது பதினாலை. அங்கேயே நடுத்தெருவில் மண்டியிட்டு, இல்லடி கண்ணு, அதுதான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் என் வாயில் வேறு ஒன்றைக் கொண்டுவந்தது.

“பரவாயில்லடி, உடனே அழிச்சிட்ட இல்ல.”

அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. கடை வந்ததும் புது ரப்பர் வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.